கண்ணாடி இல்லாத காருக்கு ஜாமீன்

போன புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஓர் அம்பாசடர் கார் வந்து நின்றது. முன்பக்கக் கண்ணாடி கிடையாது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகத் தலைகள். எல்லாத் தலையிலும் துண்டு முண்டாசு. டிரைவர் முகத்தில் மட்டும், லேத் பட்டறையில் போடுவார்களே, அந்த மாதிரிப் பெரிய கண்ணாடி.

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பாங்க் அதிகாரி பதறிப்போய் ஓடி வந்தார். "என்ன சார், எங்கே ஆக்சிடென்ட்? யாருக்காவது அடியா?"

"ஆக்சிடென்ட் இல்லை சார். அது ஜாமீனில் இருக்கிற கார்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மனிதர்கள்தானே ஜாமீனில் இருப்பார்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மிஷன் பள்ளியில் பையன்களுக்குப் பானிப்பட்டுப் போர் நடத்துகிறவனுக்குச் சட்டம் என்ன தெரியும்? ஆனால் இன்றைக்கு, போலீஸ் பிடித்து வைத்த வண்டியை வழக்கு நடக்கும்போதே எப்படி வெளியே எடுப்பது என்று கேளுங்கள் — தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காரணம், அந்தக் காருக்கு ஜாமீன் நின்றவன் நான்தான்.

காரின் சொந்தக்காரன் செல்லப்பாண்டி. அவனுக்கும் எனக்கும் ஒரே ஊர், எழுமலை. அவனுடைய அண்ணன் என் வகுப்புத் தோழன். நான் மதுரைக்கு வந்து ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாண்டி ஊரிலேயே இருந்து ஒரு காரை வாங்கினான். முதலாளி, டிரைவர், கிளீனர் மூன்றும் அவனே. எழுமலையில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், பாம்பு கடித்தாலும், மாப்பிள்ளை அழைப்பு என்றாலும், முதலில் தட்டுவது பாண்டி வீட்டுக் கதவைத்தான். அவன் காரைக் குளிப்பாட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளைகளை ஒரு நாளும் இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று அவன் மனைவியே என்னிடம் குறைப்பட்டிருக்கிறாள். முன் கண்ணாடியின் மேல் ஓரத்தில் சிவப்புப் பெயிண்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தான்: 'முனியாண்டி துணை'.

அந்தக் கார் எப்படி ஜெயிலுக்குப் போனது?

மதுரையில் ஒரு மண்டபத்தில் ஒரு பெண்ணுக்குச் சடங்கு. பெண்ணுக்குத் தாய்மாமன் முறையில் இரண்டு பேர், இருவரும் எழுமலைக்காரர்கள். ஒருவர் பெண்ணின் அம்மாவுக்கு உடன்பிறந்தவர். இன்னொருவர் அம்மாவின் பெரியப்பா மகன், வயதில் மூத்தவர். ஒரே தாத்தாவின் பெயரை இரண்டு பேருக்கும் வைத்திருப்பதால் ஊரில் சின்னக் கருப்பையா, பெரிய கருப்பையா என்று சொல்வார்கள். நாம் சின்னவர், பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம்.

சீர் கொண்டு போவதில் யார் முந்துவது? எங்கள் பக்கத்தில் இது சாதாரணக் கேள்வி இல்லை. இதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். அந்த வீட்டின் மூத்த பெண் சடங்குக்குச் சின்னவர் சீர்தான் முதலில் போயிருக்கிறது. "இந்தத் தடவை என் மொறை" என்பது பெரியவர் கட்சி. "கூடப் பொறந்தவன் இருக்கையில உனக்கு என்ன மொறை?" என்பது சின்னவர் கட்சி.

சின்னவரின் சீர் பாண்டியின் காரில் வந்தது. பெரியவரின் சீர் மேளதாளத்தோடு டிராக்டரில் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் மண்டப வாசலில் மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி வந்து நின்றன. பாண்டி செய்த ஒரே குற்றம், காரை ரிவர்ஸ் எடுக்காததுதான். பின்னால் ஜனம் நிற்கும்போது எப்படி எடுப்பான்?

யாரோ ஒருவர் சீர்த் தட்டில் இருந்த தேங்காயை எடுத்து எறிந்தார். அது நேராக முன் கண்ணாடியில் வந்து விழுந்தது. கண்ணாடி பொலபொலவென்று கல்கண்டு மாதிரி உதிர்ந்து பாண்டியின் மடியில் கொட்டியது. அப்புறம் நடந்தது வழக்கமான அடிதடி. இரண்டு மூன்று தலைகளில் தையல், ஒருவருக்குக் கையில் மாவுக்கட்டு. போலீஸ் வந்தது. இரண்டு தரப்பு ஆட்களையும் பிடித்தார்கள். கூடவே காரையும் பிடித்தார்கள், 'கலகம் செய்ய வந்த வாகனம்' என்று.

மனிதர்கள் எல்லோரும் மறுநாளே ஜாமீனில் ஊருக்குப் போய்விட்டார்கள். கார்தான் உள்ளே இருந்தது.

ஒரு நாள் பாண்டியோடு நானும் அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். பின்பக்கம் மைதானத்தில், துருப்பிடித்த சைக்கிள்களுக்கும் ஒரு மணல் லாரிக்கும் நடுவில் கார் நின்றது. டயர்களில் காற்று இல்லை. பேட்டரி இல்லை. ஸ்டெப்னி இல்லை. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பாண்டி கதவைத் திறந்தான்; கோழி அவனை 'நீ யார்?' என்கிற மாதிரிப் பார்த்தது. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து பானட்டைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே அழுதான்.

"அண்ணே, இன்னும் ரெண்டு மழ பெஞ்சா இது காரு இல்லண்ணே, தகரம். ஒரு ஜாமீன் மட்டும் நின்னீங்கன்னா எடுத்துருவேன். மதுரையில சொந்த வீடு உள்ளவுகதான் நிக்கணுமாம். எனக்கு உங்கள விட்டா யாரு?"

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி புஷ்பம் யோசித்தாள்.

"காரு ஓடிப்போச்சுன்னா?"

"கார் எப்படிடி ஓடிப்போகும்?"

"அது ஓடுறதுக்குன்னே செஞ்சதுங்க" என்றாள். ஆனாலும் வீட்டு வரி ரசீதை அவளே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியாரா? யாருக்கு ஜாமீன்?" "காருக்குங்க" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நிபந்தனைகளை வாசித்தார்கள். வண்டியை விற்கக் கூடாது. அடகு வைக்கக் கூடாது. நிறத்தை மாற்றக் கூடாது. எந்த மாறுதலும் செய்யக் கூடாது. கோர்ட் கேட்கும்போது, இருக்கிற நிலையிலேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தவறினால் ஜாமீன்தாரர் பொறுப்பு. ஜாமீன்தாரர் என்றால் நான். பொறுப்பு என்றால் என் வீடு!

ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு தாளை நீட்டி, வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேட்டார்.

"ஐயா, பேட்டரி?" என்றான் பாண்டி.

"பேட்டரியா? இருந்துச்சா?"

"பேட்டரி இல்லாமயாங்கய்யா மதுரைக்கு ஓட்டிட்டு வந்தேன்?"

"அது உனக்குத்தான்ப்பா தெரியும்" என்றார் ரைட்டர் ரொம்பப் பரிவாக.

பாண்டி கையெழுத்துப் போட்டான். இரண்டு கான்ஸ்டபிள்கள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். கார் விடுதலை ஆகித் தெருவுக்கு வந்தது. கோழியையும் முட்டைகளையும் ரைட்டர் முன்னதாகவே இறக்கிக்கொண்டார். அவை பறிமுதல் பட்டியலில் இல்லையாம்.

அப்புறம்தான் கண்ணாடிப் பிரச்சினை. பாண்டி நேரே கண்ணாடிக் கடைக்கே போய்விட்டான். நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன். 'எந்த மாறுதலும் செய்யக் கூடாது' — என் காதில் அதுதான் மணியடித்துக்கொண்டிருந்தது. வக்கீலிடம் கேட்டோம்.

"கண்ணாடி ஒடஞ்சதுதானய்யா கேஸே! புதுக் கண்ணாடி போட்டுட்டா கேஸ் எங்க இருக்கு?" என்றார் அவர். "பர்மிஷன் கேட்டு ஒரு மனுப் போடுவோம்."

மனுப் போட்டார். மனுவுக்கும் வாய்தா. அரசுத் தரப்பு ஆட்சேபம் சொல்ல வேண்டுமாம். என்ன ஆட்சேபம் என்று யோசிப்பதற்கு அவர்களும் தவணை வாங்கினார்கள். உதிர்ந்த கண்ணாடித் தூள் இருக்கிறதே, அதைப் போலீஸார் கூட்டி அள்ளி, ஒரு பாக்கெட்டில் போட்டுச் சீல் வைத்துக் கோர்ட்டில் ஒப்படைத்திருந்தார்கள். அதில்தான் பாண்டியின் முனியாண்டியும் இருந்தார், தூள் தூளாக. எறிந்த தேங்காயையும் சாட்சிப் பொருளாக எடுத்திருந்தார்கள். அது கெட்டுப்போனதால் அப்புறப்படுத்தப்பட்டது என்று பதிவு. எந்தக் குழம்பில் அப்புறப்படுத்தினார்கள் என்று பதிவில் இல்லை.

ஆக, காரை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஓட்டலாம். கண்ணாடி மட்டும் போடக் கூடாது. இதற்குப் பெயர் விடுதலை!

கண்ணாடி இல்லாத காரை யார் கூப்பிடுவார்கள்? கல்யாண வீட்டுக்காரர்கள் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிரசவத்துக்கு வந்தவர்கள் மழையைப் பார்த்துவிட்டு மாட்டு வண்டியே தேவலை என்றார்கள். கப்பலூரில் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் மச்சினன், பாண்டிக்கு அந்தப் பெரிய கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தான். காருக்கு இல்லாத கண்ணாடியை டிரைவர் போட்டுக்கொண்டான். வயலுக்கு உரமூட்டை, சந்தைக்கு வெங்காயம் — காற்றடித்தால் புகார் சொல்லாத சவாரியாகப் பார்த்து ஓட்டிக் குடும்பத்தை நகர்த்தினான்.

அவனுக்குக் கிடைத்த ஒரே நிரந்தர சவாரி எது தெரியுமா? கோர்ட்டுக்குப் போகிற சவாரிதான்.

'கோர்ட் கேட்கும்போது' என்றுதான் உத்தரவு. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் காரும் ஆஜராக வேண்டும் என்று வக்கீல் குமாஸ்தா பாண்டியிடம் சொல்லிவிட்டார். சின்னவரும் "ஆமா மாப்ள, கட்டாயம் வரணும்" என்று ஒத்து ஊதினார். பயந்த சுபாவம் அவனுக்கு. வாய்தா தவறாமல் காரைக் கழுவி, பொட்டு வைத்து, மதுரைக்கு ஓட்டி வந்துவிடுவான். கோர்ட் வாசலில் புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போய் நிற்பான். கேஸைக் கூப்பிட்டதும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கை கட்டி முன்னால் வருவார்கள். கடைசியில் பாண்டி குரல் கொடுப்பான்: "வண்டியும் வந்திருக்குங்கய்யா!"

வண்டி எப்படியும் வரத்தானே வேண்டும்? சின்னவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பெரியவர் பஸ்ஸில்தான் வருவார். எதிரி ஏறுகிற காரில் அவர் எப்படி ஏறுவார்? ஆனால் ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டார். வாரண்ட் வந்துவிடுமே! வழியில் பாண்டி காரை நிறுத்தினான். பெரியவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மதுரை வரைக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ரோஷத்தால் என்று நினைக்கிறீர்களா? கண்ணாடி இல்லாத காரில் வாயைத் திறந்தால் வண்டு உள்ளே போய்விடும்! எங்கள் பக்கத்துப் பகையெல்லாம் வாயில்தான் ஆரம்பிக்கிறது. சீர் பற்றி யாராவது ஒரு வார்த்தை ஆரம்பித்திருந்தால் உசிலம்பட்டிக்கு முன்னால் இன்னொரு கேஸ் ஆகியிருக்கும். காற்று அதற்கு இடம் கொடுக்கவில்லை. இறங்கும்போது சின்னவர் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. பெரியவர் தன் துண்டு நுனியை ஊதி ஊதி ஒற்றி எடுத்தார்.

அடுத்த வாய்தாவுக்குப் பெரியவர் பஸ்ஸுக்குப் போகவே இல்லை. அதற்கடுத்த வாய்தாவில் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் முறுக்கு தின்றதை நானே பார்த்தேன். ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போவார்கள். "மதினி, ஒரு செம்புத் தண்ணி" என்று பாண்டி கேட்கும் குரலை வைத்தே அன்றைக்கு வாய்தா என்று எங்கள் தெரு தெரிந்துகொள்ளும்.

சமீபத்தில் மாஜிஸ்திரேட் மாறினார். புதியவர் பாண்டியின் குரலைக் கேட்டு நிமிர்ந்தார். "வண்டியை யாருப்பா கூப்பிட்டது?"

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொண்டுட்டு வாரேங்கய்யா."

"யார் கொண்டுவரச் சொன்னது?"

பாண்டி குமாஸ்தாவைப் பார்த்தான். குமாஸ்தா சின்னவரைப் பார்த்தார். சின்னவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் மேலே ஃபேனைப் பார்த்தார்.

பிறகு சாட்சி விசாரணை. தேங்காயை எறிந்தது யார்? யாரும் பார்க்கவில்லை. மண்டபத்தில் சண்டை நடந்ததா? மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி எப்படி உடைந்தது? "வெயிலுக்கு ஒடஞ்சிருக்கும் எசமான்" என்றார் ஒருவர். அவர் தலையில்தான் அன்றைக்குத் தையல் போட்டார்கள்.

போன புதன்கிழமை தீர்ப்பு. எல்லோருக்கும் விடுதலை. பாண்டி போட்ட கண்ணாடி மனு? வழக்கே முடிந்துவிட்டதால் அந்த மனு முடித்துவைக்கப்பட்டது. காரைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. "அப்ப வண்டிங்கய்யா?" என்று பாண்டி கேட்பதற்குள் ஐயா எழுந்து உள்ளே போய்விட்டார். இனி அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும் என்று வக்கீல் சொன்னாராம்.

அந்தச் செய்தியோடுதான் அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார்கள். சின்னவர் கையில் மிட்டாய்ப் பெட்டி. பெரியவர் கையில் தாம்பூலத் தட்டும் பத்திரிகையும். சடங்கு வீட்டு மூத்த பெண்ணுக்கும் சின்னவர் மகனுக்கும் கல்யாணம். பேசி முடித்து வைத்தவரே பெரியவர்தான்!

"ரொம்பச் சந்தோஷம்" என்றேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

பாண்டியின் முகம் மலர்ந்தது. "மாமா, மாப்ள அழைப்பு நம்ம வண்டியிலதானே? ஊரே பாக்குற மாதிரி ஜோடிச்சுருவேன்."

சின்னவர் மிட்டாய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானார். பெரியவர்தான் கனைத்துக்கொண்டார்.

"மாப்ள... தப்பா எடுத்துக்காத. கண்ணாடி இல்லாத வண்டி. அதுவும் போலீஸ் ஸ்டேஷன்ல கெடந்துட்டு வந்தது. நல்ல காரியத்துக்கு... வீட்டுப் பொம்பளைக சம்மதிக்க மாட்டேங்கிறாக. வாடிப்பட்டியில ஒரு வெள்ளக் காரு சொல்லியிருக்கு. நீ குடும்பத்தோட முன்னாடி நாளே வந்துரணும், ஆமா."

பாண்டி சரி என்று தலையாட்டினான். பட்டறைக் கண்ணாடியை எடுத்து மறுபடி முகத்தில் மாட்டிக்கொண்டான், வீட்டுக்குள்ளேயே.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியை உடைத்தது இவர்கள் சீர்த் தேங்காய். இத்தனை நாள் கோர்ட்டுக்குப் போய் வந்தது அதே காரில். உறவு ஒட்டியதும் அதே காரில். இப்போது கார் ஆகாதாம்! ஆனால் ஜாமீன்தாரன் வாயைத் திறந்து என்ன சொல்வது? 'கண்ணாடியில் கை வைக்காதே, என் வீடு போய்விடும்' என்று வருஷக்கணக்காக அவனைத் தடுத்து வைத்தவனும் நான்தானே!

காபித் தட்டோடு நின்றிருந்த புஷ்பம் தட்டை டக்கென்று மேஜையில் வைத்தாள்.

"தம்பி பாண்டி, நாளைக்குக் காலையில போயிக் கண்ணாடியப் போடுங்க."

"மதினி, கோர்ட்டு..."

"கோர்ட்டு கேட்டா எங்க வீட்டுக்காரரு பதில் சொல்லுவாரு. அதுக்குத்தான ஜாமீனு? சும்மா காபி குடுக்குறதுக்கா நின்னாரு?" அப்புறம் பெரியவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மாப்ள ஏறுறது இந்த வண்டியிலதான். இல்லைன்னா இந்தப் பத்திரிகைய நீங்களே திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். வாடிப்பட்டிக் கார் அங்கேயே ரத்தானது.

வெள்ளிக்கிழமை பாண்டி வந்தான். காரில் புத்தம் புதுக் கண்ணாடி! தெருவில் இருந்த எல்லோரும் வந்து பார்த்தார்கள். பாங்க் அதிகாரி தொட்டே பார்த்தார். பாண்டி இறங்கி வந்து, ஒரு கறையும் இல்லாத கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றான். இனிமேல் என் வீட்டை ஜப்தி செய்தாலும் செய்துகொள்ளட்டும் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. அப்புறம் கவனித்தேன். மேல் ஓரம் வெறுமையாக இருந்தது.

"ஏன் பாண்டி, பெயிண்டர் கிடைக்கலையா?"

"கெடச்சாருண்ணே. நான்தான் வேணாம்னுட்டேன். சாமி இன்னும் கோர்ட்டுப் பாக்கெட்டுலதான இருக்காரு? அவரு உள்ள இருக்கையில இங்க எப்படிண்ணே எழுதுறது? அவரு மொதல்ல வெளிய வரட்டும்." கொஞ்சம் தயங்கினான். "அதுக்கும் தனியா ஒரு மனுப் போடணுமாம். ஜாமீனுக்கு ஆள் இருக்கான்னு குமாஸ்தா கேக்குறாரு..."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற என் மனைவி, அதற்குள் பீரோவைத் திறந்துவிட்டாள் — முனியாண்டிக்காக, வீட்டு வரி ரசீதைத் தேடி.